ஜெயரட்ணத்தாரின் ஹீற்றரும் கடல் முள்ளெலிகளும்

ஜெயரட்ணத்தாருடைய வண்டியில் ஏறுகிறவர்கள் முதலில் குளிருக்குப் போட்ட ஜக்கெற்றைக் கழற்றுவார்கள். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கலாமா என்று கேட்பார்கள். முதலாவதற்கு அவர் ஒன்றும் சொல்லமாட்டார். இரண்டாவதற்கு எப்போதும் ஒரே பதில்தான்: "உமக்கென்ன விசரோ?"

வெளியே பனி கொட்டும்போது உள்ளே தோசைக்கல்லுப்போலக் காயாவிட்டால் அவருக்கு வண்டி ஓட்டியதுபோல இராது. றொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கிற வீடும் அப்படித்தான். ஒக்ரோபர் பிறந்தவுடன் வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்ராற்றை இருபத்தாறுக்கு ஏற்றுவார். மே மாதம்வரை அதில் கை வைக்க வீட்டில் வேறொருவருக்கும் அதிகாரமில்லை. மனைவி யோகமலர் முதலில் கெஞ்சிப் பார்த்தார், பிறகு சண்டை பிடித்துப் பார்த்தார். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு வருகிற உடம்புக் கொதிப்பு அவருக்கும் வந்து சில வருடங்களாகிவிட்டன.

"இஞ்சாருங்கோ, நான் உயிரோட அவியிறன்" என்பார்.

"பார்க்டேலில விறைச்சதை மறந்திட்டீரோ?" என்று இவர் வாயை அடைப்பார். யோகமலர் பார்க்டேலில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. கலியாணமாகி வந்து இறங்கியதே ஸ்காபரோவில். அந்தச் சின்ன விசயத்தையெல்லாம் ஜெயரட்ணத்தார் கணக்கில் எடுப்பதில்லை.

பார்க்டேல் கதை கேட்காத தமிழர் றொறன்ரோவில் குறைவு. எண்பதுகளின் கடைசியில், தை மாதத்தில், அரைக்கைச் சேட்டோடு வந்து இறங்கிய பெடியன் அவர். அறையில் இருந்த சூடாக்கி செத்துக் கிடந்தது. கட்டடக்காரன் நாளை வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டான். பெடியன்கள் எல்லாரும் சமையலறை ஓவன் அடுப்பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு அதற்கு நேரே கால்களை நீட்டிப் படுத்தார்கள். பெட்டிக்குள் ஏதாவது கம்பளி இருக்குமா என்று தேடியபோது அம்மா கட்டிக் கொடுத்த வேர்க்குரு பவுடர் டின்தான் அகப்பட்டது. கனடா பெரிய நாடு, வெயிலும் பெரிதாகத்தான் இருக்கும் என்பது அந்த மனுசியின் கணக்கு. அன்றைக்குப் பற்கள் அடித்துக்கொள்ள ஒரு சத்தியம் செய்தார். இனி என் கூரைக்குக் கீழே ஒரு சீவனும் குளிரில் நடுங்கக் கூடாது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். குளிர் கண்ட ஜெயரட்ணத்தார் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவேயில்லை.

அவருடைய தொழில், மிசிசாகா விமான நிலையத்துக் கார்கோவில் இறங்குகிற பொதிகளை நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிந்தமாட்டார், போட்டு உடைக்கமாட்டார். கொம்பனியில் ஓட்டங்களைப் பங்கிடுகிற மரியோ, யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பெடியன், முக்கியமான பொதி என்றால் இவரைத்தான் கூப்பிடுவான். அப்படித்தான் மாசி மாதத்து ஒரு விறைத்த காலையில் கூப்பிட்டான்.

"அண்ணை, பசுபிக் கரையில இருந்து ஒரு பெட்டி வருது. டவுண்ரவுண் லாப்புக்கு. உயிருள்ள சாமான், கவனம்."

உயிர் என்ற சொல் காதில் விழுந்ததுதான் வினை. கார்கோவில் சோதனைக்காரர்கள் பெட்டியின் மூடியை வெட்டித் திறந்து மேலோட்டமாக ஒட்டியிருந்தார்கள். ஜெயரட்ணத்தார் மெல்ல நீக்கிப் பார்த்தார். ஊதா நிறத்தில், உடம்பெல்லாம் முள்ளாக, பெரிய எலுமிச்சங்காய் அளவில் கடல் முள்ளெலிகள், ஈரக் கடதாசியில் சுற்றிப் பைகளுக்குள் கிடந்தன. முட்கள் மெல்ல அசைந்தன. பைகளுக்குக் கீழும் மேலும் ஐஸ் பொதிகள். பெட்டியில் 'குளிராக வைக்கவும்' என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுதினவனுக்கென்ன, அவன் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்து எழுதியிருப்பான் என்று நினைத்தார். மருந்துப் போத்தல் என்றால் சொன்னபடி செய்திருப்பார். இது உயிரல்லவா?

ஐஸ் பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் எறிந்தார். பெட்டியைப் பக்கத்து இருக்கையின் காலடியில் வைத்து, தன் கம்பளிப் போர்வையால் சுற்றி, ஹீற்றரை முழுக்கத் திறந்து காற்றை அதன் பக்கம் திருப்பிவிட்டார். தன்னுயிர்போல் மன்னுயிரையும் எண்ண வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்தப் பாடத்தை அன்றைக்குப்போல அவர் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. கார்டினர் நெடுஞ்சாலையில் போகும்போது மனம் நிறைந்து போயிருந்தது.

ஆய்வுகூடத்து வாசலில் ராஜஸ்ரீ காத்து நின்றாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். முன்பு இரண்டொரு தடவை இரசாயனப் போத்தல்கள் கொண்டுவந்து கொடுத்தபோது, பொதி கொண்டுவருகிறவர் தமிழ் பேசுகிறார் என்று கண்டு குழந்தைபோலச் சந்தோசப்பட்டவள். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் பெட்டியில் கை வைத்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"அங்கிள், பெட்டி ஏன் சூடா இருக்கு?"

"ஓம் பிள்ளை, ஹீற்றருக்குப் பக்கத்தில வைச்சுக் கொண்டந்தனான்" என்றார் பெருமையோடு. "ஆரோ அறிவில்லாதவன் ஐஸுக்குள்ள வைச்சு அனுப்பியிருக்கிறான். பாவம், விறைச்செல்லே கிடந்ததுகள்."

அவள் பெட்டியை மேசைக்குக் கொண்டுபோய்த் திறந்தாள். பைகளுக்குள் ஊறியிருந்த தண்ணீர் பால்போல வெளுத்திருந்தது. சில பைகளில் அதற்குள் மஞ்சளாக ஏதோ கரைந்து படிந்திருந்தது. ராஜஸ்ரீ பக்கத்திலிருந்த முக்காலியில் இருந்துவிட்டாள்.

"செத்துப்போச்சுதோ?" என்று கேட்டார். குரல் தானாக இறங்கிவிட்டது.

"சாகல அங்கிள். ஆனா எல்லாத்தையும் கொட்டிடுச்சுங்க. இதுங்க குளிர்ந்த கடல்ல வாழறதுங்க. சூடு பட்டா பயந்து போய் முட்டையையும் விந்தையும் ஒரேயடியா வெளிய விட்ரும். ஒண்ணு விட்டா பக்கத்துல இருக்கறதும் விடும்."

"அப்ப முட்டை கிடைச்சதுதானே?"

அவள் சிரிக்க முயன்றாள். கோபம் இல்லை என்பதுதான் அவரை என்னவோ செய்தது. நிதானமாகச் சொன்னாள். ஒரு கரு இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் டிஎன்ஏ முழுவதையும் ஒருமுறை படியெடுக்க வேண்டும். படியெடுக்கிற வேலையாட்கள்தான் என்சைம்கள். முள்ளெலியின் கரு ஆரம்பத்தில் மளமளவென்று பிரிகிறது. அவ்வளவு வேகத்துக்கு அந்த வேலையாட்களைக் கரு ஒவ்வொரு தடவையும் புதிதாக உண்டாக்குகிறதா, அல்லது ஏற்கனவே முட்டைக்குள் இருந்தவர்களே வேலைக்கு வருகிறார்களா? குறிப்பிட்ட ஒரு என்சைமைப் பற்றி இதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு அவளே முட்டைகளையும் விந்தையும் கலந்து, ஆயிரக்கணக்கான கருக்களை ஒரே நொடியில் ஓடவிட வேண்டும். அப்போதுதான் அவ்வப்போது ஒரு துளி எடுத்து, என்சைமின் வேகத்தையும் புதிதாக உண்டான டிஎன்ஏயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடியும்.

"இப்ப பைக்குள்ளயே எல்லாம் கலந்து, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல ஆரம்பிச்சிருக்கு. பாதிக்குமேல கெட்டும் போயிருக்கும். ஒரே கிளாஸ்ல எல்கேஜி பையனும் பிளஸ் டூ பையனும் உக்காந்திருக்கற மாதிரி. யாருக்குன்னு பரீட்சை வைக்கறது?"

"வேற பெட்டி எடுப்பிக்கேலாதோ?"

"சீசன் முடியப் போகுது அங்கிள். அடுத்த குளிர்காலம்தான் இனி முட்டை நிறைஞ்சு வரும். என்னோட ஃபண்டிங் இந்த சம்மரோட முடியுது. டைவ் பண்றவங்ககிட்ட கெஞ்சிப் பாக்கறேன். கிடைக்கலைன்னா டாக்டரேட் இல்லாம ஊருக்குப் போக வேண்டியதுதான்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைகள் ஜெயரட்ணத்தார் எத்தனையோ கேட்டிருக்கிறார், சொல்லியும் சிரித்திருக்கிறார். தன் கையால் பிடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தார். "மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றார். அவள் "பரவால்ல அங்கிள், நீங்க நல்லதுக்குத்தானே பண்ணீங்க" என்றாள். அந்தச் சொல்லை வண்டிவரை சுமந்துகொண்டு போனார். ஏறி இருந்தபோது உள்ளே அடுப்புப்போலக் கொதித்தது. முதல் தடவையாக அது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

கொம்பனியில் முறைப்பாடு வரும், மரியோ கூப்பிட்டுக் கிழிப்பான் என்று எதிர்பார்த்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே கேட்டார்.

"தம்பி, லாப்பில இருந்து ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையே. ஏன் அண்ணை?"

ராஜஸ்ரீ அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் நன்றாகத் திட்டியிருந்தால் ஒரு பிளேன்ரீ குடித்து மறந்திருப்பார். அன்று இரவுச் சாப்பாட்டில் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு யோகமலரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

யோகமலர் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். முகம் சிவந்து, நெற்றி மயிர் ஈரத்தில் ஒட்டியிருந்தது.

"பாவம் அதுகள். சொல்லுறதுக்கு வாயுமில்லை" என்றார். பிறகு எழும்பி, "குப்பையைப் போட்டிட்டு வாறன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஜெயரட்ணத்தார் புட்டைப் பிசைந்தபடியே இருந்தார். புத்திசாலி என்றால் அப்போதே விளங்கியிருக்கும்.

மாசி கடைசியில் மரியோ பேச்சுவாக்கில் சொன்னான், அதே ஆய்வுகூடத்துக்கு இன்னொரு பெட்டி வருகிறதென்று. இந்தப் பருவத்துக்கு இதுதான் கடைசியாம்.

"அந்த ஓட்டத்தை எனக்குத் தா."

"உங்களுக்கு அண்டைக்கு லீவெல்லே அண்ணை?"

"லீவு வேண்டாம். எனக்குத் தா."

பெட்டியை எடுக்கப் போகிறவரின் பெயர் ராஜஸ்ரீயின் ஃபோனுக்குப் போய்விட்டது. அவர் கார்கோ வாசலில் நிற்கும்போது அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அங்கிள், நீங்களா கொண்டு வர்றீங்க?"

"ஓம் பிள்ளை."

வேறு ஆளை அனுப்பச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தார். சொன்னாலும் பிழையில்லை.

"சரி அங்கிள்" என்றாள். "ஐஸ எடுக்காதீங்க. பெட்டிய திறக்காதீங்க. வெளிக்குளிர பெட்டி தாங்கும். சூடுதான் தாங்காது."

அன்றைக்கு வெளியே சைபருக்குக் கீழே பதினெட்டு. பெட்டியைப் பின்னால் வைத்துப் பட்டியால் கட்டினார். ஹீற்றருக்குக் கை போனது. பழக்க தோசம், கை தானாகப் போகும். திருப்பிக்கொண்டார். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து ஹீற்றர் போடாமல் அவர் ஓட்டிய முதல் குளிர்கால ஓட்டம் அது.

நெடுஞ்சாலையில் ஏறின கையோடு முன்கண்ணாடி அவருடைய மூச்சாலேயே வெள்ளையாகப் புகைந்துவிட்டது. சூடு போடாவிட்டால் கண்ணாடி புகையும் என்பதை இந்த ஊரில் ஓட்டுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கு மறந்துபோயிருந்தது, ஹீற்றர் இல்லாமல் ஓட்டினால்தானே நினைவிருக்கும். வழியில்லாமல் பக்கக் கண்ணாடியை இறக்கினார். காற்று கத்திபோல உள்ளே வந்தது. யோகமலர் கட்டித் தந்த தேத்தண்ணிப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது. அதைத் திறந்தால் ஆவி கண்ணாடியில் படியுமென்று அதையும் தொடவில்லை.

கார்டினரில் யாரோ யாரோடோ மோதி வாகனமெல்லாம் அப்படியே நின்றுவிட்டன. பக்கத்துக் காருக்குள் இருந்த பெண் இவரைப் பார்த்தாள். பனி கொட்டுகிறபோது கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தோளில் பனி படிய, உதடு நடுங்க ஒரு மனுசன் இருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? விசரோ என்று நினைத்திருப்பாள். தன்னுடைய சொல் தனக்கே திரும்பி வந்தது.

"பிள்ளையள், சுகமா இருக்கிறியளோ?" என்று பின்பக்கம் திரும்பிக் கேட்டார். "குளிர்தான் உங்களுக்குச் சுகமாம். உங்கட பாடு."

கால்விரல்கள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. பார்க்டேலும் ஓவன் கதவும் நினைவில் வந்தன. கூடவே அந்த வேர்க்குரு பவுடர் டின்னும். எத்தனை கலியாண வீட்டில் அதைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்திருப்பார். அம்மாவுக்குத் தெரிந்தது வெயில். வெயிலுக்கு மருந்து கட்டினாள். இவருக்குத் தெரிந்தது குளிர். குளிருக்குப் போர்வை போர்த்தினார். அம்மாவாவது பாவம், பிள்ளை போகிற இடத்தைக் கண்டதில்லை. இவர் பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டல்லவா செய்தார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் நகரத்துக்குள் இறங்கும்வரை கூடவே வந்தது.

ராஜஸ்ரீ வாசலில் நின்றாள். இவரைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். தொட்டாள். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜெயரட்ணத்தார் பின்னால் விந்தி விந்திப் போனார். அவள் ஒரு பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிறகு இன்னொன்றை.

"தண்ணி தெளிவா இருக்கு" என்றாள். "அங்கிள், எல்லாமே தெளிவா இருக்கு!"

அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். "ஐயோ, உங்க உதடெல்லாம் நீலமா இருக்கே! ஹீட்டர் போடவே இல்லியா?"

"நீ வேண்டாமெண்டு சொன்னனியெல்லே."

"பெட்டிக்குச் சொன்னேன் அங்கிள்! பின்னாடி வச்சுட்டு முன்னாடி லேசா போட்டிருக்கலாமே!"

ஜெயரட்ணத்தாருக்கு லேசாகப் போடத் தெரியாது, அதுதான் விசயம். அவள் ஒரு தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள். அது கொதிக்கவில்லையே என்று பார்த்தார். "வெதுவெதுன்னுதான் இருக்கணும். விறைச்ச கைய சட்டுனு சூட்டுல வைக்கக் கூடாது" என்று சொல்லி அவர் கைகளைப் பிடித்து அதற்குள் வைத்தாள். விரல்கள் வலித்து வலித்து உயிர் வந்தன.

அன்றைக்கு வேறு ஓட்டம் இல்லாததால் இருந்து பார்க்கச் சொன்னாள். முள்ளெலிகளுக்குச் சின்ன ஊசி போட்டாள். பெண்கள் மஞ்சளாக முட்டை விட்டன, ஆண்கள் பால் துளிபோல விந்து விட்டன. இரண்டையும் வேறு வேறு குழாயால் எடுத்து, அவள் நினைத்த நொடியில் கலந்தாள். நுணுக்குக் காட்டிக்குள் பார்த்தபோது உருண்டை உருண்டையான முட்டைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று எழும்பியது.

"உதென்ன பிள்ளை?"

"இனி வேற விந்து உள்ள வராம முட்டை போட்டுக்கற வேலி."

"உதுகள் யாழ்ப்பாணத்து ஆக்களாத்தான் இருக்கவேணும்" என்றார். "முதல் வேலையா வேலியெல்லே அடைக்குதுகள்." ராஜஸ்ரீ அந்த மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு அவள் வேலையில் இறங்கினாள். அவ்வப்போது ஒரு துளி எடுத்து ஐஸில் புதைத்த குழாய்களுக்குள் விட்டாள். அவர் மூலையில் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பார்த்திருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு கூப்பிட்டாள். நடுவில் கயிறு கட்டி இறுக்கினமாதிரி முட்டைகள் ஒடுங்கின. ஒடுங்கி, இரண்டிரண்டாயின. பிந்தினது என்று ஒன்றையும் காணவில்லை, எல்லாம் ஒன்றாகவே.

"இவ்வளவு வேலை செய்யுதுகள், சாப்பாடு ஆர் குடுக்கிறது?"

"யாரும் குடுக்க வேண்டாம். தேவையானதுல முக்கால்வாசி அம்மா முட்டைக்குள்ளயே வச்சு அனுப்பிட்டா. நான் தேடற என்சைமும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன். புதுசா ஆள் எடுக்கறதில்ல, முட்டை நடுவுல இருக்கற நியூக்ளியஸுக்கு வெளிய நிக்கற ஆளே நேரத்துக்கு உள்ள போய் டிஎன்ஏய படியெடுக்குது. உறுதியாத் தெரிய இன்னும் சில வாரம் ஆகும். ஆனா இன்னிக்கு அளக்க முடிஞ்சது அங்கிள், அது போதும்."

"கெட்டிக்காரத் தாய்" என்றார் ஜெயரட்ணத்தார். "போற இடத்தில என்ன தேவையெண்டு அறிஞ்செல்லே கட்டிக் குடுத்திருக்கிறாள்."

திரும்பி வரும்போது ஹீற்றர் போட்டார், கொஞ்சமாக. 401 நெடுஞ்சாலையில் அஜக்ஸ் வந்து சேரப் பொழுது பட்டுவிட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தபோது பக்கவாட்டில் யாரோ நிற்பது தெரிந்தது. யோகமலர். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஜக்கெற் இல்லாமல், வீட்டுச் செருப்போடு நின்றார். குப்பை போட்டு முடிந்திருந்தது. முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, விழுகிற பனியை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றார். கழுத்துப் பக்கத்துச் சட்டையை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்திருந்தார், காற்றுப் போகட்டுமென்று.

இந்த மனுசி ஏன் ஒவ்வொரு நாளும் குப்பை போடுகிறாள், இரண்டு பேருக்கு எவ்வளவு குப்பை சேரும் என்று அவர் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறார். வண்டிக்குள் இருந்தபடியே பார்த்தார். முள்ளெலிகளுக்கு வாயில்லை. இவளுக்கு வாய் இருந்தது. வருடக்கணக்காகச் சொன்னாள்.

சத்தம் போடாமல் முன்வாசலால் உள்ளே போனார். ஜக்கெற்றைக் கழற்றாமலே தேர்மோஸ்ராற்றுக்கு முன்னால் போய் நின்று அதை இறக்கினார். லேசாக அல்ல, நன்றாக இறக்கினார். சமையலறை யன்னலையும் ஒரு விரலளவு திறந்துவிட்டு மேசையில் வந்து இருந்தார்.

யோகமலர் பின்கதவால் வந்தார். இரண்டடி வைத்துவிட்டு நின்றார். யன்னலைப் பார்த்தார், சுவரில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார்.

"என்னப்பா, ஹீற் பழுதாப் போச்சுதோ?"

"இல்லை. நான்தான் இறக்கினனான். உமக்கு அவியுதெண்டு சொன்னனீரெல்லே."

யோகமலரின் தலைமயிரில் இருந்த பனி உருகி நெற்றியில் வழிந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"உங்களுக்குக் குளிருமே" என்றார் கடைசியில்.

"எனக்கு ஜக்கெற் இருக்கு" என்றார் ஜெயரட்ணத்தார்.